வராத அண்ணன்

ரோடு வளைகிற முடக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே சுதர்ஷினி ஓடிக்கொண்டே குரல் கொடுத்துவிடுவாள். "அண்ணே, சுருக்கா வாங்க! நேரமாச்சு!" பின்னால் அண்ணனும் இல்லை, ஆட்டுக்குட்டியும் இல்லை, விடிகாலைப் பனியும் நனைந்த தார் ரோடும்தான். அவளோடு கூடப் பிறந்தவர்கள் எல்லோரும் அக்காமார். ஆனாலும் நமுனுகுல மலையடிவாரத்து ரோட்டின் ஒவ்வொரு முடக்கிலும் அந்த அண்ணனைக் கூப்பிடுவாள். சில நாள் ஏசவும் செய்வாள்: "பீடிய அப்பறம் குடிக்கலாம், எட்டி வைங்க!" முடக்குக்கு அந்தப் பக்கம் எவனாவது நின்றுகொண்டிருந்தால், பின்னால் ஆண்பிள்ளை ஒருவன் வருகிறான் என்று நினைத்து ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பது அவள் கணக்கு. இருக்கிற பெண்ணுக்குக் கிடைக்காத மரியாதை இல்லாத அண்ணனுக்குக் கிடைக்கிறது. அதை விடுவானேன்?

அவளுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். ஒல்லியான ஆள், நடக்கும்போதுகூடக் குதிகால் தரையில் படாத மாதிரி இருக்கும். அவள் உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. ரொட்டிக்குள் சம்பலை வைத்துச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, வாசலில் அங்குமிங்கும் நடந்தபடி தின்பாள். பள்ளிக்கூட நாளில் ஆயிரத்தைந்நூறு மீற்றர் ஓட்டத்துக்குப் பதுளை மைதானம் வரை போய், வெறுங்காலோடு ஓடி இரண்டாவதாக வந்தவள். "மொதலா வந்த புள்ளைக்குச் சப்பாத்து இருந்திச்சு" என்று இன்றைக்கும் சொல்வாள். குறையாகச் சொல்வதில்லை. மழை பெய்தது, வெயில் அடித்தது என்பதைப் போல ஒரு தகவலாகச் சொல்வாள்.

அதற்குப் பிறகும் ஏன் ஓடினாள் என்றால், பதக்கத்துக்கு இல்லை. உடம்பு இளைப்பதற்கும் இல்லை. இளைக்க அந்த உடம்பில் என்ன இருக்கிறது? லயத்தில், அந்த வரிசை வீடுகளில், அவர்களுக்குக் காம்பரா என்று ஓர் அறையும் இஸ்தோப்பு என்று ஒரு சின்னத் திண்ணையும். அதற்குள் மாமியார் இராக்கம்மா, கொழுந்தன், அவன் பெண்சாதி, அவர்களுடைய பிள்ளைகள், அப்புறம் இவள். புருஷன் ஜெயரூபன் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நிற்கிறான்; தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவான். அடுத்த காம்பராவில் ஒருவர் இருமினால் இந்தக் காம்பராவில் தூக்கம் கலையும். அழ வேண்டும் என்றாலும் யாராவது எழுந்து போகிற நேரம் பார்த்துத்தான் அழ வேண்டும். "ஓடுறப்பதான் எனக்குன்னு ஒரு எடம் கெடைக்குது" என்பாள். ஊரில் அவளுக்கு எல்லோரும் சொல்லும் புத்திமதி ஒன்றே ஒன்று: "தனியா போவாத." அவள் ஓடியதே தனியாக இருப்பதற்குத்தான். அதை அவள் யாரிடம் போய் விளக்குவாள்?

கல்யாணமான புதிதில் ஜெயரூபனின் பழைய காற்சட்டையைப் போட்டுக்கொண்டு வெளிப்படையாகத்தான் ஓடினாள். எதிரில் வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வி கேட்டார்கள்: "என்னாச்சு புள்ள? யாரு தொரத்துறா?" ஓர் ஆட்டோ அவள் பக்கத்திலேயே மெல்ல உருண்டுகொண்டு வந்தது. உள்ளே பாட்டு, விசில், சிரிப்பு. சேதி பெண்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் போய், அங்கிருந்து இராக்கம்மாவின் காதுக்கு வந்து சேர்ந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இதே மலையைச் சுற்றிக்கொண்டு எல்ல என்கிற சுற்றுலா ஊர்ப் பக்கம் போனால், வெள்ளைக்காரப் பெண்கள் அரைக் காற்சட்டையோடு தண்டவாளத்தை ஒட்டி ஓடுகிறார்கள். ஆட்டோக்காரர்கள் ஒதுங்கி வழி விடுகிறார்கள், சிரித்த முகத்தோடு வணக்கமும் சொல்கிறார்கள். வெள்ளைக்காரி ஓடினால் அது உடற்பயிற்சி. லயத்துப் பெண் ஓடினால் ஏதோ நடந்துவிட்டது.

சில வருஷம் ஓடாமல் இருந்து பார்த்தாள். பிறகு அவளாகவே ஒரு தந்திரத்தைக் கண்டுபிடித்தாள். தோட்டத்தில் ஒரு பெண் ஓடினால் கேள்வி கேட்கப்படாத சந்தர்ப்பம் ஒன்று இருக்கிறது. அது வேலைக்குப் பிந்திவிட்ட சந்தர்ப்பம். தோட்டத்தில் பெரட்டு, அதாவது காலையில் ஆள் எண்ணி வேலை கொடுப்பது, முடிவதற்குள் போய் நிற்காவிட்டால் அன்றைய பேர் பாதியாகிவிடும், சம்பளமும் பாதியாகிவிடும். அதனால் ஓடுகிற பெண்ணைப் பார்த்து யாருக்கும் ஆச்சரியம் வராது, சிரிப்புத்தான் வரும். தன் தோட்டத்தில் வேலை இல்லாத நாள்களில் சுதர்ஷினி இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டி, கொழுந்துப் பையை மடித்துத் தோளில் போட்டு, தலையில் துவாலையைச் சுற்றிக்கொண்டு புறப்படுவாள். பார்க்கிறவர்களுக்கு அவள் தூரத்துத் தோட்டம் ஒன்றுக்குக் கைக்காசுக்கு, அன்றாடக் கூலிக்கு, போகிறவள். வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து காட்டிக்கொடுத்துவிடும் என்று அதைத் தேயிலைச் சாயத்தில் ஊறப்போட்டுப் பழுப்பாக்கி வைத்திருந்தாள்.

ரோட்டுக்கு ஒரு பொய் என்றால் வீட்டுக்கு இன்னொரு பொய். மாமியாரிடம் விறகுக்குப் போவதாகச் சொல்வாள். திரும்பி வருவது தேயிலைக்குள் இறங்கும் குறுக்குப் பாதையில். அங்கே முன்கூட்டியே கட்டி ஒளித்து வைத்த விறகு ஒன்று தலையில் ஏறிவிடும். "மத்ததுல எப்புடியோ, வெறகுக்கு எங்க மருமகள அடிச்சிக்க ஆளில்ல" என்று இராக்கம்மா பெருமையாகச் சொல்வதைக் கேட்டால் சுதர்ஷினிக்குச் சிரிப்பு வரும், கொஞ்சம் பாவமாகவும் இருக்கும்.

அடுத்த தோட்டத்தில் வேலாயி இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் பக்கத்தில் உட்கார்ந்தவள், அங்கே வாக்கப்பட்டுப் போனவள். ரோட்டுக்கு மேலே, மண்மேட்டின் உச்சியில் ஓர் ஒற்றையடிப் பாதை போகிறது. அந்த வழியாகத்தான் வேலாயியும் மற்றப் பெண்களும் பெரட்டுக்குப் போவார்கள். கீழே ரோட்டில் சுதர்ஷினி ஓடுவதைக் கண்டால் வேலாயிக்கு வாய் சும்மா இருக்காது. "என்னடி, இன்னைக்கும் லேட்டா? ராவுல தூங்குறியா இல்லியா?" மேலே ஒரே சிரிப்பாக இருக்கும். சுதர்ஷினி கையை ஆட்டிவிட்டு ஓடுவாள். அந்தச் சிரிப்பு அவளுக்கு ஒரு காவல் மாதிரி இருந்தது.

கார்த்திகை மாதத்து மழை நாள் ஒன்று. தேயிலை பராமரிப்பின்றிக் காடாகிப் போன மலை ஒன்றைச் சுற்றி ரோடு வளைகிறது. அந்த முடக்குக்கு முன்னால் வழக்கம்போல, "அண்ணே, வாங்க வாங்க!" என்று கூப்பிட்டுக்கொண்டே திரும்பினாள். அங்கே ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. அதன்மேல் ஒருவன் சாய்ந்திருந்தான். தலையில் ஹெல்மெட், முகக் கண்ணாடி இறக்கி விட்டிருந்தது. அவன் ஒதுங்கவில்லை. உள்ளேயிருந்து அமுங்கிய குரலில், சிரித்துக்கொண்டே கேட்டான்.

"அண்ணன் இன்னைக்கும் வரலையா?"

நம் ஊர்ப் பேச்சு. அந்த 'இன்னைக்கும்' என்ற ஒரு சொல்லில் சுதர்ஷினிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எத்தனையோ நாளாக எங்கேயோ நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான். அண்ணன் வரமாட்டான் என்பது அவனுக்குத் தெரியும்.

ஓடினாள். பதுளை மைதானத்தில்கூட அப்படி ஓடியிருக்க மாட்டாள். பின்னால் மோட்டார் சைக்கிள் புறப்பட்ட சத்தம் கேட்டது. விரட்டவில்லை, கொஞ்சம் தள்ளி, நிதானமாக, ஆட்டை ஓட்டிக்கொண்டு வருகிறவன் மாதிரி வந்தது. மேலே ஒற்றையடிப் பாதையில் பெண்களின் துவாலைகள் தெரிந்ததும் அவளுக்கு உயிர் வந்தது. கத்தப் பார்த்தாள், மூச்சுத்தான் வந்தது. இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள்.

மேலேயிருந்து சிரிப்பு வந்தது. "ஓடு ஓடு! கங்காணி அரைப் பேரு போடப் போறாரு!" அது வேறு யாரோ. வேலாயியின் குரல் அதற்கும் மேலே கேட்டது: "ஏன்டி சாவுற? அதான் பின்னால பைக்கு வருதுல்ல, ஏறிப் போயேன்டி!"

நின்றால், அந்த மண்மேட்டிலிருந்து அவர்கள் இறங்கி வருவதற்குள் அவன் வந்துவிடுவான். அவள் நிற்கவில்லை. பெண்கள் கண்ணுக்கு மறைந்ததும் மோட்டார் சைக்கிளின் சத்தம் கூடியது. ரோட்டை விட்டுத் தேயிலைக்குள் குதித்தாள். அது கவ்வாத்து வெட்டிய மலை. செடியெல்லாம் மொட்டையாய், வெட்டிய கொம்புகள் கூராய் நின்றன. காலும் கையும் கிழிய நேரே கீழே இறங்கினாள். மேலே ரோட்டில் மோட்டார் சைக்கிள் கொஞ்ச நேரம் உறுமிக்கொண்டு நின்றுவிட்டு, பிறகு போய்விட்டது. அன்றைக்கும் விறகுக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தாள். கெண்டைக்காலில் வழிந்த இரத்தத்தைப் பார்த்து இராக்கம்மா பதறிப்போய் மஞ்சள் அரைத்துப் பூசினாள். வழுக்கி விழுந்துவிட்டேன் என்றுதான் இவள் சொல்லியிருந்தாள். அதற்கே மாமியார், "ஒன்ன யாரு தனியா போவச் சொன்னா?" என்று கேட்டாள். பொலிசுக்குப் போனாலும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும் என்று சுதர்ஷினிக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால் அவனைப் பிடிப்பார்களோ இல்லையோ, இவளை நிறுத்திவிடுவார்கள். வாயை மூடிக்கொண்டாள்.

வேலாயியிடம் மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னாள். வேலாயி வாயில் கைவைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அவன் எங்களப் பாத்துக் கையக் காட்டினான்டி. ஒங்க வீட்டு ஆளுன்னு நெனச்சி நாங்களும் காட்டுனோம்." அதைச் சொல்லிவிட்டு அழுதாள். சுதர்ஷினிக்கு அவள்மேல் கோபம் இல்லை. பெரட்டுக்கு ஓடுகிறவள் என்று ஊரை நம்ப வைத்தது தானேதான் என்பது நன்றாகத் தெரியும். யாரும் திரும்பிப் பார்க்காமல் இருப்பதற்குப் போட்ட வேஷம், பார்க்க வேண்டிய அன்றைக்கும் ஒருவரையும் பார்க்க விடவில்லை. இதை நினைத்தால் எனக்கே வயிறு எரிகிறது. அவளுக்கு எப்படி இருக்கும்?

அதற்குப் பிறகு அவள் ஓடவில்லை. காயம் ஆறிவிட்டது, ரோடும் அங்கேயேதான் கிடக்கிறது. முகத்தை அவள் பார்க்கவில்லை, மழையிலும் பயத்திலும் வண்டியின் நம்பரையும் பார்க்கவில்லை. அவளிடம் இருப்பது அந்தக் குரல் மட்டும். "அந்தக் கொரலு யாருதுன்னு தெரிஞ்சாப் போதும். மறுநாளே ஓடுவேன். தெரியாமத்தான் முடியல. யாருன்னாலும் அவனா இருக்கலாம்ல?" என்று வேலாயியிடம் சொல்லியிருக்கிறாள்.

அதனால் இப்போது அவளுக்கு ஒரு புதுப் பழக்கம். ஆண்கள் பேசும்போது கண்ணை மூடிக்கொள்கிறாள். பாண் ரொட்டி கொண்டுவருகிற ஆட்டோக்காரர் மிச்சக் காசு கொடுத்துக்கொண்டே இரண்டு வார்த்தை பேசினால் மூடிக்கொள்கிறாள். கோயில் கூட்டத்தில் தலைவர் பேசும்போதும், பெரட்டில் கங்காணி பேர் கூப்பிடும்போதும் அப்படித்தான். கொழுந்தன் குளிக்கத் தண்ணீர் கேட்டால்கூட ஒரு கணம் இமை இறங்குகிறது. "மருமகளுக்குச் சாமி வரப்போவுது போல" என்று இராக்கம்மா பீலியில் சொல்லி வைத்திருக்கிறாள். பெண்கள் அவளைக் கொஞ்சம் பயபக்தியோடு பார்க்கிறார்கள்.

பொங்கலுக்கு முந்தின நாள் பகலில் வீட்டார் எல்லோரும் சாமான் வாங்க டவுனுக்குப் போயிருந்தார்கள். காம்பராவில் அவள் மட்டும். எந்தத் தனிமைக்காக அத்தனை மேடு ஏறி ஓடினாளோ, அது கேட்காமலே வீட்டுக்குள் வந்திருந்தது. கதவைத் தாழ் போட்டுவிட்டு உள்ளே அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தாள். தகரத்தின்மேல் மழை கொட்டியது. கதவு தட்டுகிற சத்தம் கேட்டது.

"கதவத் தொற புள்ள, நான்தான். நனையுறேன்."

ஜெயரூபன். கொழும்பு பஸ்ஸில் வந்திறங்கி நேரே வந்திருக்கிறான். அவள் கதவுக்கு ஓடிப்போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தாள். கனத்த பலகையையும் மழையையும் தாண்டி அவன் குரல் அமுங்கிப்போய்க் கேட்டது. கை அப்படியே நின்றுவிட்டது.

"ஒனக்கு என்ன வாங்கியாந்திருக்கேன், சொல்லு பாப்பம்? சப்பாத்து! ஓடுற சப்பாத்து, பள்ளிக்கூடத்துல ஒனக்கு இல்லாம போச்சே! காலு சொகமாயிருச்சுன்னு அம்மா போன்ல சொல்லிச்சு."

"கொஞ்சம் நில்லுங்க" என்றாள் சுதர்ஷினி. "'அண்ணன் இன்னைக்கும் வரலையா'ன்னு ஒருக்கா சொல்லுங்க."

"என்னாது? எந்த அண்ணன்?"

"சொல்லுங்களேன்."

ஏதோ விளையாட்டு என்று அவன் நினைத்துக்கொண்டான். சப்பாத்துப் பெட்டியைச் சட்டைக்குள் அணைத்துப் பிடித்தபடி, சிரித்துக்கொண்டே சொன்னான்:

"அண்ணன் இன்னைக்கும் வரலையா?"

சுதர்ஷினி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். தாழ்ப்பாளிலிருந்த கையை எடுத்துவிட்டு, "இன்னொருக்கா" என்றாள்.