ரசமட்டமும் மிளகு ரசமும்

கொல்லிமலைப் பயணியர் பங்களாவில் ஒரு தரையை மட்டம் பார்க்கப் போய், என் கல்யாணமே ஆட்டம் கண்டது. வெள்ளைக்காரர் காலம். மலைக்கு ரோடு கிடையாது. தரை ஓடுகள் அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து தலைச்சுமையாக வந்து இறங்கியிருந்தன. வெடித்துக் கிடந்த சிமென்ட் தளத்தைக் கொத்திப் புதுக் கலவை போட்டு முடித்திருந்தேன். ஓடு பதிக்கும் முன் தளம் மட்டமாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் பாக்கி.

அந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவர் பங்களாவின் சமையல்காரர். தூரத்து உறவில் மாமா. அவர் மகளை எனக்குக் கேட்டிருந்தோம். "வேலைய முடி கண்ணு, பாக்கலாம்" என்றிருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் அவருடைய மிளகு ரசத்தைப் புகழ்வதற்குத் தவிர வேறெதற்கும் வாய் திறக்கக் கூடாது. ஏதோ ஒரு துரை இரண்டு கோப்பை வாங்கிக் குடித்தாராம். எனக்கோ ஒரு வாய்க்கே காது அடைக்கும். பெண்ணுக்காகக் குடித்தேன்.

அன்று காலை ரசமட்டத்தைத் தளத்தில் வைத்தேன். மரக்கட்டைக்குள் கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு குமிழி. குமிழி நடுவில் நின்றால் தரை மட்டம். மலையேறும்போது எங்கேயோ இடிபட்டிருக்கிறது. எப்படித் திருப்பி வைத்தாலும் குமிழி ஓர் ஓரத்தை விட்டு அசையவில்லை. எனக்கு முன்கோபம் அதிகம். கலவை குழைத்துக்கொண்டிருந்த மலைக்காரரிடம், திருப்புலி நாட்டு ஊர்க்காரர் அவர், கத்தினேன். "இந்த ரசமட்டம் ஆகாதுங்க! தூக்கி வெளிய கடாசுங்க!"

கொத்தனுக்கு மட்டம் என்றால் உயிர். மற்றவர்களுக்கு மட்டம் என்றால் மோசம். அடுப்படியில் இருந்த மாமாவின் காதில், 'இந்த ரசம் மட்டம், ஆகாது, தூக்கிக் கடாசு' என்று விழுந்திருக்கிறது. ரசச் சட்டியோடு வந்து நின்றார்.

"ஏனுங்க கொத்தனாரே, எம்பட ரசம் மட்டமுங்களா?"

கண்ணு போய்க் கொத்தனார் வந்துவிட்டது.

"ஐயோ மாமா, ரசம் இல்லீங்க, ரசமட்டமுங்க!"

"அதையேதான மறுபடியும் சொல்றீங்க! பொண்ணு கேக்கற வாயா இது?" என்று சட்டியை அப்படியே தளத்தில் கவிழ்த்துவிட்டார்.

நான் காலில் விழுந்து கெஞ்சியிருக்க வேண்டும். ஆனால் ரசம் ஜன்னலோரம் ஓடித் தேங்குவதைப் பார்த்ததும் எனக்கு மாமாவும் மறந்துபோனார், அவர் பெண்ணும் மறந்துபோனாள். "பள்ளம் அங்க இருக்குதுங்க!" என்று கூவிக்கொண்டே ஓடி, கரிக்கட்டியால் ரசத்தைச் சுற்றிக் கோடு போட்டேன். "எம்பட ரசமா பள்ளத்தக் கண்டுபுடிச்சுது?" என்று மாமா குனிந்து பார்த்தார்.

பச்சைத் தண்ணீரை ஊற்றியிருந்தாலும் அது அங்கேதான் தேங்கியிருக்கும். இதை நான் அவரிடம் சொல்லவில்லை. இன்றுவரை அவர் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

ரசத்தைக் கழுவித் தள்ளி, பள்ளத்தைக் கொத்திக் கலவை நிரப்பி, மட்டப்பலகையால் இழுத்துவிட்டேன். நாலு நாள் நனைத்து, பிறகு காயவிட்டேன். மறுபடி பார்ப்பதற்கு வாளியில் தண்ணீர் எடுக்கப் போனபோது மாமா தடுத்தார். குளித்து, திருநீறு பூசி, புதிதாக வைத்த ரசத்தோடு வந்திருந்தார். தளத்தின் நடுவில் பார்த்துப் பார்த்து ஊற்றினார். நான் குலதெய்வத்தை வேண்டிக்கொண்டேன். தரைக்காக இல்லை.

ரசம் நாலு பக்கமும் ஒன்றுபோலப் பரவியது. எங்கும் தேங்கவில்லை. மாமா முட்டி போட்டு, கன்னத்தைத் தரையோடு வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு மூக்கு நுனியில் ஒட்டிய ரசத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"ஓட்டப் பதிச்சிருங்க, மாப்பிள்ள" என்றார்.