தங்கையாவின் மகன்

எழுபதுகளில், கடமலைக்குண்டு பக்கம் வழிதவறிய பையன்களைத் திருத்தும் பண்ணை இல்லத்தில் வார்டனாக இருந்தேன். மாட்டுத்தொழுவம் தங்கையாவின் பொறுப்பு. என்னைப் போலவே அவரும் வீட்டுக்கு எப்போதாவதுதான் போவார். முரட்டுப் பையன்கள்கூட அவரிடம் அடங்கிப் பால் கறப்பார்கள்.

ஒரு மத்தியானம் திருட்டு வழக்கில் சிக்கிய பையனைப் போலீஸ் ஜீப்பில் கொண்டுவந்தார்கள். அவன் தங்கையாவின் ஒரே மகன்.

"ஏலே, நீயா?" என்றார் தங்கையா.

"இங்கன இருக்க பயலுகளுக்கெல்லாம் நீங்கதான அப்பா? என்னையும் அவங்களோட சேத்துக்கிருங்க சார்" என்றான் அவன்.

தங்கையா அவனுக்குச் சோறு போட்டார். பிறகு தொழுவத்துக்குப் போய், கன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

மறுநாளே என் வீடு இருந்த கூடலூருக்கு பஸ் ஏறினேன். கதவைத் திறந்த என் மகன் என் தோள் உயரம் இருந்தான். எப்போது வளர்ந்தான் என்று எனக்குத் தெரியவில்லை.