சப்பாத்தைக் கழட்டின டிசைனர்

இத்தாலியிலை, பலேர்மோ துறைமுகத்துக்குக் கிட்ட இருக்கிற பழைய மாளிகை ஒண்டைத் திருத்தி எடுத்த டிசைனர் அவர், இந்த ஊர் ஆள்தான். நரைச்ச தாடி, சுண்ணாம்பு படிஞ்ச கறுப்புச் சேட்டு. பெரிய மண்டபத்துக்குள்ளை போக முதல், நாங்கள் மாதா கோயில் வாசலிலை கழட்டுற மாதிரி, சப்பாத்தைக் கழட்டிப்போடுவார்.

அந்த மண்டபத்துப் பூப்போட்ட தரை ஓடுகளை, ஏழு மாசம் முழங்காலிலை நிண்டு, பல்லுத் தீட்டுற பிரஷ்ஷாலை ஒவ்வொண்டா உரஞ்சி ஊத்தை எடுத்தது நான்.

திறப்புவிழாவிலை வந்த ஆக்களுக்குச் சொல்லுறார்: "இந்தத் தரையிலை ஆரும் கை வைக்கேல்லை. இருந்தது இருந்தபடியே இருக்கு."

எனக்குப் பத்திக்கொண்டு வந்திட்டுது. வந்த ஆக்களுக்குக் குடுக்க வைச்சிருந்த கிளாஸ் தட்டோடை அவருக்கு முன்னாலை போய் நிண்டன்.

"அப்ப நான் இஞ்சை ஏழு மாசம் என்ன செய்தனான்?"

மனுசன் வெக்கப்படவே இல்லை. "சிஞ்ஞோரா, உங்கடை கை பட்டதே தெரியேல்லை. அதுதான் திறமை. உங்களைப் பாராட்டித்தான் சொன்னனான்."

பாராட்டாம்!

"அப்பிடியெண்டால் வாசல் கல்லிலை ஏன் உங்கடை பேர் வெட்டியிருக்கு?"

அவர் குனிஞ்சு தன்ரை வெறுங்காலைப் பாத்தார்.

இருவது வருசமா இந்த ஊரிலை தரை துடைக்கிறன். நான் துடைச்ச தரையிலை சப்பாத்தைக் கழட்டிப்போட்டு நடந்தது அந்த ஒராள்தான். அவரும் அப்பிடிச் சொன்னதுதான் எனக்கு இன்னும் ஆறேல்லை.