செனட்டருக்குப் பரணி நட்சத்திரம்

பெரிய மனிதர் கையெழுத்தோடு உருக்கமான கடிதம் ஒன்று உங்களுக்கு வந்தால், அதை எழுதியவர் வேறெங்கோ மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருப்பார் என்று தெரிந்துகொள்ளுங்கள். பிறர் பெயரில் எழுதிப் பிழைக்கும் என் இனத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மானேஜர் பெயரில் வாழ்த்துரை, தலைவர் பெயரில் இரங்கல் என்று நீங்களும் எழுதித் தள்ளியிருப்பீர்கள். நான் ஆறு வருஷம் எழுதியது அமெரிக்காவில் ஒரு மாகாண செனட்டருக்காக. பெயர் டக்ளஸ் என்று வைத்துக்கொள்வோம்.

மலையாள நாட்டுத் தலைநகரில் எனக்கு வீடு வலியசாலையில், ஆபீஸ் தம்பானூரில் ஒரு லாட்ஜின் மாடியில். டக்ளஸின் தொகுதிக்காரர்கள் அனுப்பும் கடிதங்கள் காலையில் எங்கள் கம்ப்யூட்டரில் வந்து விழும். நாங்கள் பதில் எழுதி அனுப்பினால், அங்கே டெபி என்ற உதவியாளர் அதை அச்சடித்து, செனட்டரின் கையெழுத்தை மெஷினால் போட்டுத் தபாலில் சேர்ப்பார். முதலாளி பிஜு சார், சுகுமாரன் சேட்டன், நான் என்று மொத்தம் மூன்று பேர். எங்களுக்கு இருந்த ஒரே வாடிக்கையாளர் டக்ளஸ்தான். அவர் தேர்தலில் தோற்றால் மூன்று பேருக்கும் வேலை போய்விடும். நான் இங்கிலீஷ் கற்றுக்கொடுத்த டுட்டோரியல் காலேஜ் ஏற்கெனவே மூடியாயிற்று. நாற்பத்தெட்டு வயதுக்காரிக்கு யாரும் இன்னொரு நாற்காலியைத் துடைத்து வைத்துக் காத்திருக்கவில்லை.

டப்பா சூப்

ஹாரல்ட் என்ற ரிட்டயர்டு லாரி டிரைவர், பனி அள்ளும் வண்டி தன் வீட்டுத் தபால் பெட்டியை இடித்துத் தள்ளிவிட்டது என்று புகார் எழுதியிருந்தார். கடைசியில், மனைவி போன பிறகு டப்பா சூப்தான் சாப்பாடு, இருமல் வேறு விடவில்லை என்று ஒரு வரி. நாலு வரியில் பதிலை முடிக்க வேண்டும் என்பது விதி. கை கேட்டால்தானே? 'அந்த சூப்பில் நாலு மிளகும் ஒரு பல் பூண்டும் தட்டிப் போட்டுக் குடியுங்கள். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?' என்று சேர்த்துவிட்டேன்.

இருமல் நின்றதாகப் பதில் வந்தது. அதற்கப்புறம் மாதம் ஒரு கடிதம், அன்றைக்கு என்ன சாப்பிட்டார் என்ற விவரத்தோடு. எனக்கும் துளிர் விட்டுப்போய், யாருக்கு எழுதினாலும் 'சாப்பிட்டீர்களா' என்று கேட்க ஆரம்பித்தேன். ஒரு சாயங்காலம் டெபி போன் செய்தபோது, சீட்டுக் கிழிந்தது என்றே நினைத்தேன். ஜனங்கள் சர்ச் வாசலில் செனட்டரை நிறுத்தி, காலையில் சாப்பிட்டதை ஒப்பிக்கிறார்களாம். டெபி சொன்னார்: "வரியைக் குறைப்பேன் என்று பதினெட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், ஒருத்தரும் நின்று கேட்டதில்லை. இப்போது எல்லோரும் மிளகைப் பற்றிக் கேட்கிறார்கள். அவருக்கு மிளகு ஒத்துக்கொள்ளாது."

சாதனைப் பட்டியல்

செனட்டரின் வாழ்க்கை வரலாற்றை அவருடைய இணையதளத்துக்காக எழுதச் சொன்னார்கள். அப்பாவின் பால் பண்ணை, டிராக்டர் விற்பனை, பள்ளிக்கூடக் கமிட்டி, கீழ்சபை, மேல்சபை என்று வண்டி சுகமாக ஓடியது. 'சாதனைகள்' என்ற இடத்தில் அச்சு முறிந்தது. நூலகத்துக்கு வரி போட விடாமல் தடுத்தார், டவுன் பஸ்ஸைத் தடுத்தார், புது ஆபீஸ் கட்டடத்தைத் தடுத்தார். நம் ஊரில் எம்.எல்.ஏ. ஒரு பஸ் ஸ்டாப்புக்குக் கூரை போட்டாலே கூரையைவிடப் பெரிதாகப் பெயர்ப்பலகை வைப்பார். இவர் கொண்டுவந்தது என்று ஏதாவது ஒன்று சொல்லுங்கள் என்று டெபியிடம் கெஞ்சினேன். அவர் சிரிக்கவில்லை. "ஒன்றும் கொண்டுவராமல் இருப்பதற்குத்தான் அவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்" என்றார்.

சேட்டனின் கொள்கை

தொழிற்சங்கங்களைத் திட்டும் கடிதங்கள் சுகுமாரன் சேட்டனின் இலாகா. முப்பது வருஷம் சங்கத்தில் இருந்தவர். ஒரு நாள் காலையில் செக்ரட்டேரியட் வாசலில் கொடி பிடித்துக் கோஷம் போட்டுவிட்டு, பத்து மணிக்குத் தொண்டை கட்டிப்போய் ஆபீசுக்கு வந்தார். வந்தவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வேலைநிறுத்தம் என்பது சோம்பேறிகளின் திருவிழா என்று ஒரு பக்கம் எழுதினார். அருமையான எழுத்து, என்னால் முடியாது. மனசு உறுத்தவில்லையா என்று கேட்டேன். "டீச்சரே, ரோட்டிலே விளிச்சது என்னோட கொள்கை, இங்கே எழுதறது என்னோட ஜோலி. ரெண்டும் வழியிலே கண்டாலும் தம்மில் பேசிக்காது."

பதினொரு தேங்காய்

போன தேர்தலில் டக்ளஸுக்குப் பலத்த போட்டி. தோற்றாலும் தோற்பார் என்று டெபி சொன்னதும் பிஜு சாருக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற கிறிஸ்தவர் அவர். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "டீச்சர், பழவங்காடி கணபதிக்கு ஒரு பதினொண்ணு தேங்காய் உடைச்சாலோ?" என்றார். அவர் பங்கு ஐந்து, மீதி ஆறு சேட்டனும் நானும். கடவுள் இல்லை என்கிற சேட்டன் தன் பங்கு மூன்றைக் குலுக்கிப் பார்த்துத்தான் வாங்கினார்.

கூடவே ஓர் அர்ச்சனை செய்யலாம் என்றால், ரசீதுக்குப் பெயரும் நட்சத்திரமும் வேண்டும். ஆபீஸ் ஃபைலுக்கு என்று பொய் சொல்லி, செனட்டர் பிறந்த தேதியையும் நேரத்தையும் டெபியிடம் வாங்கினேன். பஞ்சாங்கம் பார்த்தால் பரணி. பரணியில் பிறந்தவர் தரணி ஆள்வார் என்று எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. கவுண்டரில், "டக்ளஸ், பரணி, அமெரிக்காவிலே எலெக்‌ஷன்" என்றேன். ரசீது எழுதியவர் தலையை நிமிர்த்தக்கூட இல்லை. "பரணியானோ? பேடிக்கண்டா, ஜெயிச்சோளும்." பயப்பட வேண்டாம், ஜெயித்துவிடுவாராம்.

கடைசிக் கட்டு

ஜெயித்தார். ஜெயித்த கையோடு ஒரு சட்டம் அறிவித்தார். மாகாணத்து வேலைகளை மாகாணத்துக்காரர்களே செய்ய வேண்டும், கடல் தாண்டி ஒரு காகிதம்கூடப் போகக் கூடாது. பதினெட்டு வருஷத்தில் அவர் கொண்டுவந்த முதல் காரியம் அதுதான். டெபி சங்கடத்தோடு போன் செய்து, சட்டத்தைப் பற்றி வந்த கடிதங்களுக்கு ஆதரவாகப் பதில் எழுதிக் கொடுங்கள், அதுதான் கடைசிக் கட்டு என்றார். நாம் ஓர் எதிர்ப்புக் கடிதமாவது அனுப்பலாமே என்று பொருமினேன். "அனுப்பாம் டீச்சரே. பதிலும் நம்மதானே எழுதணும்" என்றார் சேட்டன்.

கட்டில் ஹாரல்டின் கடிதமும் இருந்தது. அதை ஒரு வார்த்தை விடாமல் தருகிறேன். "ஐயா, இந்தச் சட்டத்தைக் கட்டாயம் கொண்டு வாருங்கள். போன வாரம் பேங்குக்குப் போன் செய்தேன். எந்த நாட்டிலிருந்தோ யாரோ பேசினார்கள், அவர்களுக்கு என்னைப் பற்றி என்ன அக்கறை? நம் ஊர் மனிதர் எழுதினால்தான் உங்கள் கடிதம் மாதிரி இருக்கும். இன்றைக்கு பீன்ஸ் சூப், மிளகு போட்டேன். எப்போதும் நீங்களே கேட்கிறீர்கள், நீங்கள் சாப்பிட்டீர்களா?"

ஆறு வருஷத்தில் என்னை அப்படி ஒருவர் திருப்பிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அழுதேன், அதில் வெட்கமில்லை. பிறகு, சட்டம் நிச்சயம் வரும், நீங்கள் சொல்வது முற்றிலும் சரி என்று எழுதினேன். இனிமேல் என் கடிதங்களில் கேட்க மறந்துபோனாலும் நீங்கள் சாப்பிட மறக்காதீர்கள் என்று ஒரு வரி. அதற்குக் கீழே, சாப்பிட்டேன் என்று இன்னொரு வரி. அது பொய், டப்பா மேஜைமேல் திறக்காமலே இருந்தது.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவர்கள் ஊரில் பல பேர் உண்டு, ஆனால் அதற்குத் தேங்காயும் உடைத்து, ஆதரவுக் கடிதமும் எழுதி, சாப்பிட்டீர்களா என்றும் விசாரித்தவர்கள் நாங்கள் மூன்று பேராகத்தான் இருக்கும்.