டஸ்டரோடு வருகிறவர்

கரும்பலகைக்கு எல்லோரும் சாக்பீஸோடு போவார்கள். அந்த ஸ்ரீரங்கத்துப் பேராசிரியை மட்டும் டஸ்டரோடு போவார். ஒல்லியான உருவம், இழுத்துச் செருகிய கொண்டை, புடவைத் தலைப்பில் எப்போதும் சாக்பீஸ் தூள்.

திருச்சியில் ஒரு கல்லூரியில் குவாண்டம் கணினிப் பயிலரங்கு. அந்தக் கணினியின் அடிப்படை அலகான க்யூபிட் ஒன்று ‘ஆம்’ என்று இருந்தால் மட்டும் மற்ற க்யூபிட்களில் ஒரு மாற்றம் நடக்க வேண்டும். அதற்கான சுற்றை, படிப்படியான வரைபடமாக, பலகை நிறைய வரைந்திருந்தேன். ஒவ்வொரு படிக்கும், ‘ஆம்’ என்றால்தான் அனுமதி என்று ஒரு கட்டுப்பாட்டுப் புள்ளி. புள்ளி கூடக்கூடப் பிழையும் கூடும் என்று தெரியும். வேறு வழிதான் தெரியவில்லை.

அவர் எழுந்து வந்து, நடுவில் ஒரே ஒரு புள்ளியை விட்டுவிட்டு மற்ற புள்ளிகளையெல்லாம் அழித்தார்.

“என்னங்க இது?” என்றேன்.

“முதல்ல செஞ்சதைக் கடைசியில நீங்களே தலைகீழா அவிழ்த்துடுறீங்க சார். நடுவுல ஒண்ணும் நடக்கலைன்னா ரெண்டும் தன்னால கழிஞ்சு போயிடும். சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ஏறி எங்க ஸ்ரீரங்கம் கோயிலுக்கு வந்துட்டு, பெருமாளைச் சேவிக்காமத் திரும்பினா, பழையபடி சத்திரத்துலதானே நிப்பீங்க? சேவிக்கத்தான் அனுமதி வேணும். பஸ்ஸுக்கு எதுக்குங்க?”

அரங்கமே சிரித்தது. நான் அவசரமாக அதில் ஒரு தப்பைத் தேடினேன், கிடைக்கவில்லை.

“மன்னிச்சுக்கங்க, அழகான படம்” என்று வேறு சொன்னார். கொஞ்சம் கர்வப்பட்டிருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன்.

இன்றும் அவர் வெளியிடும் ஒவ்வொரு சுற்றையும் முதல் ஆளாகப் படிக்கிறேன். எனக்கென்று அழிக்க ஒரு புள்ளியாவது விட்டு வைத்திருக்க மாட்டாரா என்றுதான்.