உருகி வந்த ஐஸ்

ஐஸ்காரிக்கு யார்மீதும் லேசில் நம்பிக்கை வராது. மகள் காய்ச்சல் என்று படுத்தால்கூட நெற்றியைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் பள்ளிக்கு லீவு. மீன் இறங்குதுறை ஐஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக வேலை. ஐஸ் பாரை நொறுக்கிப் படகில் கொட்டுவாள். படகு திரும்பியதும் மிச்சத்தைக் கோல் விட்டு அளந்து கையெழுத்துப் போடுவாள்.

அந்தக் கோல் அவளுக்குப் பல விஷயம் சொல்லும். மீன் நிறைய விழுந்திருந்தால் அதன் சூட்டை வாங்கிக்கொண்டு ஐஸ் பாதியாகிவிடும். வலை வெறுமையாக வந்திருந்தால் முக்கால்வாசி ஐஸ் அப்படியே கிடக்கும்.

அந்த வருஷம் தம்பியின் படகில் மீனும் இல்லை, ஐஸும் இல்லை. இரண்டு நாள் கடலில் தங்குவது அந்த ஒரு படகுதான். அதற்கு அவன் டிரைவர். தொடர்ந்து மூன்று தடவை மீன் அறையில் வெறும் தண்ணீர்.

"மீன் எங்கடா?"

"கடல்ல இல்லக்கா."

"அப்ப ஐஸ் எங்க?"

"உருகிடுச்சு."

"எதைப் பார்த்து உருகுச்சு, உன் மூஞ்சியைப் பார்த்தா?"

மீனை வழியில் எங்கோ இறக்குகிறான் என்று முடிவு கட்டினாள். அவன் வீட்டில் புது ஃபேன் வேறு சுற்றியது. "புழுக்கம் தாங்கலக்கா" என்றான். எப்போதும் குளிர்ந்த கடல்காற்று வீசும் ஊருக்கே அந்த வருஷம் புழுக்கம்தான். பருவம் தப்பிப் பெய்த மழையில் தெருச்சுவர்கள் ஊறிக் கிடந்தன. ஆனால் சந்தேகம் வந்தபின் ஃபேன் வெறும் ஃபேனாகத் தெரியுமா?

இறங்குதுறைக்குத் தெர்மாமீட்டரோடு வரும் மீன்துறைக்காரர் ஒரு காரணம் சொன்னார். சில வருஷத்துக்கு ஒருமுறை பெருங்கடலில் வழக்கமாக அடிக்கும் காற்று தளர்ந்துபோகுமாம். அது தூரத்தில் தள்ளி வைத்திருந்த வெந்நீர் இந்தக் கரைப்பக்கம் நகர்ந்து வருமாம். அடியிலிருந்து ஏறும் குளிர்ந்த நீர் நின்றுவிட, சின்ன மீன்கள் இரையில்லாமல் விலகிப் போகுமாம். "எல் நினோன்னு பேரும்மா. இவ்வளவு சூடா வந்து முப்பது வருஷமாச்சு."

'பேர் வேற வச்சிருக்கான். இவனுக்கும் இதில் பங்கிருக்கும்' என்று நினைத்துக்கொண்டாள்.

நேரே படகு ஓனரிடம் போனாள். "ஐஸ் உருகியிருக்கு, மீன் இல்ல. விசாரிங்க."

"உன் தம்பிதானேம்மா?"

"அதனாலதான் சொல்றேன். நாளைக்கு வெளிய தெரிஞ்சா அக்காவும் கூட்டுன்னு கம்பெனில சொல்லி என்னையும் தூக்க வைப்பீங்க."

"இன்னொரு தடவை இப்படி வந்தா ஆளை மாத்திடுறேன்" என்றார் ஓனர்.

அந்த ஒரு தடவைக்குத் தானும் போவதாகச் சொன்னாள். தம்பி சிரித்தான். "வாந்தி எடுப்பே."

"எடுத்துட்டுப் போறேன், உனக்கென்ன?"

வாந்தியும் எடுத்தாள். ஆனால் இரண்டு நாளும் மீன் அறை மூடியை விட்டு நகரவில்லை. சாப்பாடு அதன்மேலேயே, தூக்கமும் அதன்மேலேயே. வாந்தி வரும்போது பக்கெட்டை எட்டி வாங்கத்தான் எழுந்தாள். வலை ஏறும்போதெல்லாம் எண்ணினாள். ஒரு கூடைகூடத் தேறவில்லை. பசியில் செத்த கடற்பறவைகள் இறகு விரித்தபடி மிதந்து போயின. தளம் கழுவ இறைத்த கடல்நீர் அவள் காலில் பட்டது; பிரசவித்தவளுக்கு ஊற்றும் தண்ணீர்போல வெதுவெதுப்பு. அப்போதும் அவள் எழுந்திருக்கவில்லை.

கரை சேர்ந்ததும் தன் கையாலேயே மூடியைத் திறந்தாள். தளும்பத் தளும்பத் தண்ணீர். நடுவில் மிதந்த நாலு கட்டிகள் அவளைப் பார்த்தன. படகின் மரப்பலகைக்கு வெளியே இருந்த கடல்நீரின் சூடுதான் உள்ளே இருந்ததை உருக்கியிருக்கிறது. இத்தனை வருஷமும் கடல் குளிர்ந்தே இருந்ததால் அப்படியொன்று நடக்கும் என்று அவள் கோலுக்குத் தெரியவில்லை.

"திருடனைப் பிடிச்சிட்டியாக்கா?" என்றான் தம்பி. அவள் ஓனரிடம் ஓடினாள்.

ஓனர் முழுசாகக் கேட்டார். பிறகு மெதுவாக, "போகும்போது அவன் திருடன். வரும்போது கடல் திருடன். ரெண்டு நாள்ல அக்காவும் தம்பியும் நல்லா பேசி வச்சிருக்கீங்க" என்றார்.

அவர் இடத்தில் இருந்திருந்தால் அவளும் அதையேதான் சொல்லியிருப்பாள். படகு வேறு டிரைவர் கைக்குப் போனது. தம்பி கட்டட வேலைக்குச் சிமெண்ட் சுமந்தான்.

புது டிரைவரும் தண்ணீரைத்தான் கொண்டு வந்தான், ஒன்றல்ல, நாலு தடவை. நாலாவது தடவை ஓனர் மீன்துறைக்காரரை வரவழைத்து, அவர் வைத்திருந்த வெப்ப அளவுகளை மாதம் மாதமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார். மறுநாளே படகை எடுக்கச் சொல்லித் தம்பிக்கு ஆள் அனுப்பினார்.

அடுத்த வருஷம் கடல் பழையபடி குளிர்ந்தது, மீனும் திரும்பியது. தம்பி ஞாயிறு தவறாமல் அக்கா வீட்டுக்கு வருவான். டீ குடிப்பான், பிள்ளைகள் படிப்பைப் பற்றிப் பேசுவான்.

"இந்தத் தடவை எத்தனை கூடைடா?" என்று கேட்டால் மட்டும் டம்ளரைக் கீழே வைத்துவிடுவான்.

"ஓனர்கிட்ட கேட்டுக்கோக்கா."