ஸ்கேன் முடியும்வரை

கடைத்தெருவில் அவரை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். படித்தது என்னவோ மின்சார வேலை. வைரஸ் பிடித்த கம்ப்யூட்டர்களைப் பிழைக்க வைப்பதால் யாரோ கிண்டலாகச் சொன்ன பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. கடைக்கு வருகிறவர்களிடம் தேனொழுகப் பேசுவார். வீட்டில்தான் வாய் திறக்க நேரமில்லை. சாப்பிடும்போதும் பக்கத்தில் யாருடைய மெஷினாவது திறந்து கிடக்கும். மனைவி சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். ஒருநாள் அக்கா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. விவாகரத்துகூடச் சண்டை சச்சரவு இல்லாமல்தான் முடிந்தது. கையெழுத்துப் போடுகிற நேரத்தில் அவருக்கு ஃபோன் வந்தது. எடுத்துப் பேசினார்.

சில வருஷம் கழித்து ஒரு மத்தியானம், அவளே கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு கடைப் படியேறி வந்தாள்.

“உட்காருங்க,” என்றார். சொன்ன பிறகுதான் அந்த ‘ங்க’ இருவருக்கும் உறைத்தது.

“ரெண்டு கடையில காட்டிட்டேன். எல்லாத்தையும் அழிச்சாத்தான் ஆகும்ங்கறாங்க. நான் வரைஞ்சதெல்லாம் இதுலதான் இருக்கு.” குழந்தைகளின் உடுப்புகளுக்கு மாதிரி வரைந்து தையல்கடைகளுக்குக் கொடுப்பது அவள் பிழைப்பு.

அவர் மேசை டிராயரிலிருந்து ஒரு சிடியை எடுத்து உள்ளே போட்டார்.

“எங்கிட்டயும் ஆன்ட்டிவைரஸ் இருக்கு. ஒண்ணுமே இல்லன்னு சொல்லுது.”

“அப்படித்தான் சொல்லும். மெஷினை ஆன் பண்ணா வைரஸும் கூடவே முழிச்சுக்கும். தேடறவன் கண்ணுல மண்ணைத் தூவிடும். அதனால உள்ள இருக்கற விண்டோஸை எழுப்பாம, இந்த சுத்தமான சிடியில இருந்தே மெஷினை ஓட்டித் தேடணும்.”

“நோயாளிக்கு மயக்க மருந்து குடுத்துட்டு.”

“அதேதான்.”

“நல்லவேளை, வீட்ல இந்த வைத்தியம் பண்ணாம விட்டீங்க.”

அவர் சிரித்துவிட்டார். அவளும்தான்.

“முடிய சாயங்காலம் ஆயிடும். போயிட்டு வர்றீங்களா?”

“பரவால்ல, இருக்கேன்.”

திரையில் ஃபைல் பெயர்கள் ஒவ்வொன்றாக ஓடிக்கொண்டிருந்தன. வேறு வேலையும் வரவில்லை. ஸ்டூலை இழுத்து எதிரே போட்டுக்கொண்டார். கை அளவைக் கால் அளவு என்று நினைத்து ஒரு தையல்காரர் வெட்டித் தள்ளியதை நடித்தே காட்டினாள். அக்காவுக்கு முழங்கால் வலி என்றாள். இந்த வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொள்வதாகச் சொன்னாள். இவ்வளவு பேசுவாளா என்று அவருக்கு வியப்பாக இருந்தது. திரையைப் பார்க்க அவள் கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினாள்.

“கண்ணாடி எப்பலேர்ந்து?”

“கல்யாணமான மறுவருஷமே போட்டேனே.” பிறகு அவளே சேர்த்துக்கொண்டாள்: “வரையும்போது மட்டும்தான் போடுவேன். நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க.”

குத்திக்காட்டியிருந்தால்கூடத் தேவலை. அவருக்காக அவளே சமாதானம் சொன்னதுதான் நெஞ்சில் தைத்தது. வாழ்ந்த காலத்தில் ஒரு மத்தியானமாவது இப்படி எதிரே உட்கார்ந்தோமா என்று யோசித்தார். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

வெயில் இறங்கும்போது ஸ்கேன் முடிந்தது. வைரஸ் அகப்பட்டுவிட்டது. வரைந்தவற்றில் சிலதை மட்டும் மீட்க முடியவில்லை.

“போனா போகுது. திரும்ப வரைஞ்சுக்கறேன்,” என்றாள்.

வயர்களைக் கழற்றும்போது, ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாமா என்று கேட்க வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்து ஒருவர் லேப்டாப்போடு உள்ளே நுழைந்தார்.

“டாக்டர், கொஞ்சம் அவசரம். ஆன் ஆகவே மாட்டேங்குது.”

“ஒரு நிமிஷம்,” என்றார், அவளிடம். கை தானாக லேப்டாப்பை வாங்கித் திறந்தது.

தலை நிமிர்ந்தபோது அவள் கம்ப்யூட்டரோடு வாடகைக் காரில் ஏறிவிட்டிருந்தாள். கார் ஜன்னல் வழியே கையசைத்தாள். கோபமெல்லாம் இல்லை. பழகிப்போன முகம்தான் அது. லேப்டாப்பை மேசையில் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார். வண்டி திருப்பத்தைத் தாண்டியிருந்தது.

அடுத்த வாரம் அவள் அக்கா ஃபோன் செய்தார்.

“மெஷின் நல்லா ஓடுதாம். சொல்லச் சொன்னா.”

“சரிக்கா.”

அக்கா ஃபோனை வைக்கவில்லை. அன்றைக்கு அவளிடம் கேட்காமல் விட்ட டீ அவர் மனதில் வந்து போனது.

“வேற ஏதாவது சொல்லணுமா தம்பி?”

“இல்லக்கா,” என்றார்.